பச்சிளங்குழந்தை வயிற்றில் கட்டி: பெங்களூரு வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை அறுவை நிபுணர் பதில்

அல்சூர்: பிறந்து பத்து நாள். ஏ.எஃப்.பி. 40,000 என்று லேப் தாளில் சிவப்பில் வந்திருக்கிறது. கேன்சரா டாக்டர்?

ஏ.எஃப்.பி. என்பது கருவிலேயே உருவாகும் ஒரு ரத்தப் புரதம், சில புற்றுக்கட்டிகளிலும் கூடும். தாளில் அச்சடித்திருப்பது பெரியவர்களின் அளவு. இந்த வயதில் பத்தாயிரக்கணக்கில் இருப்பதுதான் இயல்பு. சுமார் ஐந்தாறு நாளுக்கொரு முறை பாதியாகும். வயது கூடக்கூட வேகம் குறையும். மூன்று வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுங்கள். இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

ஜாலஹள்ளி: சிறுநீரகத்தில் நீர் கோத்திருக்கிறதாம். கட்டியா?

இல்லை. பிறந்த குழந்தை வயிற்றில் தட்டுப்படும் வீக்கங்களில் பெரும்பாலானவை சிறுநீரகத்தைச் சேர்ந்தவை, புற்றல்ல. ஆண் குழந்தை, இரண்டு பக்கமும் வீக்கம், சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் மட்டும் இன்றே போங்கள்.

கே.ஆர்.புரம்: வலது அட்ரினலில் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) 2.5 செ.மீ. கட்டி. ஒருவர் உடனே எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் பொறுக்கச் சொல்கிறார்.

பொறுக்கச் சொன்னவர் பக்கம் நான். இது ரத்தக்கட்டாகவும் இருக்கலாம், நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றாகவும் இருக்கலாம். ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் உள்ளே ரத்த ஓட்டம் இல்லாமல், சில வாரங்களில் சுருங்கினால் ரத்தக்கட்டு. சிறுநீரில் வி.எம்.ஏ., எச்.வி.ஏ. (இந்தப் புற்று வெளியிடும் கழிவுப் பொருள்கள்) பாருங்கள், சரியாக இருந்தாலும் நியூரோபிளாஸ்டோமா இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஸ்கேனில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். மூன்றையும் பெருக்கி, வருவதை 0.52-ஆல் பெருக்கினால் கன அளவு. அதில் பாதிப் பங்கு கூடினால் அறுவை.

ஆஸ்டின் டவுன்: பரவிவிட்டால் யார் பொறுப்பு? பொறுக்கச் சொல்வது சுலபம்.

சும்மா இருக்கச் சொல்லவில்லை ஐயா. 2012-இல் அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்றில் இப்படிச் சிறிய கட்டியுள்ள 83 குழந்தைகளைக் கவனித்தே வந்தார்கள். 16 பேருக்குத்தான் பிறகு அறுவை, மூன்றாண்டில் ஒரு சாவும் இல்லை. ஆனால் தவணைக்குத் தவணை ஸ்கேனுக்கு வர முடியாத குடும்பம் என்றால் நானும் எடுக்கத்தான் சொல்வேன்.

ஆஸ்டின் டவுன்: அப்போ ஊசி குத்திப் பார்த்துவிடலாமே?

இவ்வளவு சிறிய கட்டியில் ரத்தக்கசிவுதான் மிச்சம். சிறுநீரகக் கட்டியில் குத்தினால் செல்கள் சிந்தும். மூன்று மாதத்துக்குள் சிறுநீரகத்தில் திடமான கட்டி என்றால் பெரும்பாலும் மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா, அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கு வரும், அதிகம் பரவாத சிறுநீரகக் கட்டி. ரத்த அழுத்தம், கால்சியம் பார்த்துவிட்டுச் சிறுநீரகத்தோடு முழுசாக எடுப்பதுதான் வைத்தியம்.

சிவாஜிநகர்: எங்கள் குழந்தைக்கும் ஏ.எஃப்.பி. 60,000...

முதல் பதில்.

ஓசூர் ரோடு: வால் எலும்பில் டெரட்டோமா (பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி). எலும்பையும் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். அதை விட்டால் கட்டி திரும்ப வரும்.

விவேக்நகர்: கட்டி இருக்கிறதென்றார்கள். பாட்டி எண்ணெய் தடவி உருவிவிடலாமா?

கூடவே கூடாது. அழுத்தினால் கட்டி வெடித்து உள்ளேயே ரத்தம் கொட்டும். பார்க்க வருகிற மாமா, அத்தை யாரும் வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம். குளிப்பாட்டும்போதும் தண்ணீர் ஊற்றினால் போதும்.