மெயில் திறக்கவில்லையா? பாஸ்வேர்டில் உடனே கை வைக்காதீர்கள்!

கே: போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மெயில் கம்பெனியின் சொந்த டொமைன் பெயரில் இருக்கிறது. பிரவுசரில் வெப்மெயில் பக்கம் போய்த்தான் நான் பார்ப்பேன். போன வாரம் பாஸ்வேர்டை மாற்றினோம். மறுநாளிலிருந்து ஆபீஸில் எந்தக் கணினியிலும் அந்தப் பக்கம் திறப்பதில்லை, சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றுவிடுகிறது. மற்ற இணையதளங்கள் எல்லாம் வருகின்றன. என் மொபைல் டேட்டாவில் மெயிலும் திறக்கிறது. அப்புறம் இரண்டு முறை பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்துவிட்டோம். சீசன் நேரம், துபாய் ஆர்டர் மெயில்கள் எல்லாம் தேங்கிக் கிடக்கின்றன. என்ன செய்வது?

ப: இனி பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். லாகின் பக்கம் வந்து, பாஸ்வேர்டு போட்டு, அது தவறு என்று சொன்னால்தான் பாஸ்வேர்டு பிரச்சினை. உங்களுக்கு அந்தப் பக்கமே வரவில்லை. வாசல் வரைக்குமே போகாதபோது பூட்டை மாற்றி என்ன பயன்?

ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஆபீஸ் கணினியை அதில் இணைத்து அதே பக்கத்தைத் திறங்கள். திறந்துவிட்டால் கணினியும் நன்றாக இருக்கிறது, மெயில்களை வைத்திருக்கும் சர்வரும் நன்றாக இருக்கிறது, தடை உங்கள் ஆபீஸ் லைனுக்கு மட்டும்தான் என்று தெளிவாகிவிடும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பாஸ்வேர்டை மாற்றியது உங்களுக்குத் தெரியும், ஆனால் ஆபீஸ் வைஃபையில் சேர்ந்திருக்கும் முதலாளியின் போனில் உள்ள மெயில் ஆப்புக்கும், குடோன் கணினியில் எப்போதோ யாரோ போட்டு வைத்த அவுட்லுக் மெயில் புரோகிராமுக்கும் தெரியாதே! அவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ராத்திரி பகல் இல்லாமல், பழைய பாஸ்வேர்டையே கொண்டுபோய்ச் சர்வரில் தட்டிக்கொண்டிருக்கும். சர்வர் பார்க்கிறது: ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் லைனுக்கான கதவு எண் மாதிரி) திரும்பத் திரும்பத் தவறான பாஸ்வேர்டு வருகிறது, யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டி அந்த ஐபியை பிளாக் செய்துவிடுகிறது. ஆபீஸில் எத்தனை கணினி இருந்தாலும் வெளியே போவது ஒரே மோடம் வழியாகத்தான், வெளியில் தெரிவது ஒரே ஐபிதான். அதனால் ஒரு போன் செய்த தப்புக்கு மொத்த ஆபீஸும் மாட்டிக்கொண்டது. நீங்கள் பாஸ்வேர்டை மாற்ற மாற்ற, நேற்று சரியாக இருந்த கருவியும் இன்று தவறான பாஸ்வேர்டு அனுப்புகிற கருவியாகிவிடுகிறது.

இதற்கு வரிசை முக்கியம். முதலில் அந்த மெயில் எந்தெந்தப் போனில், கணினியில் இருக்கிறதோ அத்தனையிலும் ஒன்று புதுப் பாஸ்வேர்டைப் போடுங்கள், இல்லையென்றால் அந்தக் கணக்கையே எடுத்துவிடுங்கள். டைப் அடித்து பிரின்ட் எடுக்கும் கணினி, ஆபீஸ் வைஃபையில் சேரும் போன், எதையும் விடவேண்டாம். அப்புறம் ஆபீஸ் லைனில் இருந்தபடி கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று ஆங்கிலத்தில் தேடி, வருகிற தளம் ஒன்றைத் திறந்தால் உங்கள் ஐபி தெரியும், அதைக் குறித்துக்கொண்டு ஹோஸ்டிங் கொடுத்தவருக்கு (உங்கள் மெயிலுக்குச் சர்வரில் இடம் வாடகைக்குத் தந்தவர்) போன் செய்து, ‘இந்த ஐபி பிளாக் ஆகியிருக்கிறதா பாருங்கள், எடுத்துவிடுங்கள்’ என்று கேளுங்கள். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி பிளாக் ஆகிவிடும். மோடத்தை அணைத்துப் போட்டால் சில லைன்களில் புது ஐபி கிடைத்து மெயில் திறந்துவிடும், ஆனால் பழைய பாஸ்வேர்டு எங்கேயாவது உயிரோடு இருந்தால் அதுவும் சில மணி நேரம்தான் தாங்கும்.

ஐபி பிளாக் ஆகவில்லை என்று அவர் சொல்லிவிட்டால், நீங்கள் திறக்கும் முகவரியின் கடைசியில் 2096 என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். சாதாரண இணையதளங்கள் 443 என்ற போர்ட்டில், அதாவது எண் போட்ட வாசலில், வருகின்றன, பல ஹோஸ்டிங் வெப்மெயில்கள் 2096-இல் வருகின்றன. ஆபீஸில் ஃபயர்வால் (இணையப் போக்குவரத்தைக் காவல் காக்கும் தடுப்பு) போட்டவர் 443-ஐ மட்டும் விட்டு மற்றதை அடைத்திருந்தால் எல்லாம் திறக்கும், மெயில் மட்டும் திறக்காது. எண் இல்லாத வெப்மெயில் முகவரி ஒன்றை ஹோஸ்டிங்காரரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அதுவரை ஆர்டர்களுக்கு ஹாட்ஸ்பாட் போட்டே பதில் அனுப்புங்கள், காத்திருக்க வேண்டாம்.

கே: பாலக்கோட்டில் டெய்லரிங் கடையோடு சின்னதாக டிடிபி சென்டரும் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் ஜிமெயில் திறக்காமல், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக எச்சரிக்கை வருகிறது. வைரஸா?

ப: வைரஸ் இல்லை அம்மா. திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருஷம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. உங்கள் கணினி இன்னும் 2009-இல் இருப்பதாக நினைத்தால், இந்தச் சான்றிதழின் காலமே தொடங்கவில்லையே என்று கதவை அடைத்துவிடும். தேதியைச் சரிசெய்தால் மெயில் உடனே வரும்.

மறுபடி கரண்ட் போனால் மறுபடி இதே கதைதான், ஏனென்றால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒரு ரூபாய் நாணயம் அளவில் வெள்ளியாகப் பளபளக்கும், மேலே சிஆர் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சின்ன கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி துள்ளி மேலே வரும். கூட்டல் குறி மேலே தெரிகிற மாதிரி புதியதைப் போடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இதற்காக ஃபார்மட் அடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கே: பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்றே வருகிறது. (காரிமங்கலம் வாசகர்)

ப: நோட்பேடைத் திறந்து அதில் அடித்துப் பாருங்கள். கேப்ஸ் லாக் போட்டிருந்தாலோ தமிழ்க் கீபோர்டு மாறியிருந்தாலோ கண்ணுக்குத் தெரிந்துவிடும். பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

கே: மகளின் இன்ஜினியரிங் விண்ணப்பத்துக்குக் கொடுத்த ஜிமெயில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. கோடு வரும் நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் போய்விட்டது. கூகுள் கஸ்டமர் கேர் நம்பர் இருந்தால் கொடுங்கள். (அரூர் வாசகி)

ப: பாஸ்வேர்டை மீட்டுத் தர கூகுளில் அப்படி ஒரு நம்பர் இல்லை. தேடினால் நிறைய வரும், அத்தனையும் மோசடி. கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று பணமோ ஓடிபியோ கேட்பார்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் இன்றே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்துவிடுங்கள்.

மகள் இதுவரை அந்த மெயிலை எந்தப் போனில் திறந்தாளோ அதே போனில், வீட்டில் இருந்தபடியே, ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதைத் தொட்டு முயலுங்கள். தெரிந்த கருவி, தெரிந்த இடம் என்றால் கூகுள் நம்பும். புதுப் போனிலோ பிரவுசிங் சென்டரிலோ முயன்றால் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. பழைய பாஸ்வேர்டு ஏதாவது ஞாபகம் இருந்தால் கேட்கிற இடத்தில் அதைப் போடுங்கள், வீட்டில் வேறு போனில் அந்தக் கணக்கு திறந்தே இருக்கிறதா என்றும் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அன்றே பத்து முறை முயலாமல் ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

விண்ணப்பக் கடைசித் தேதி நெருங்கிவிட்டதா? மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மகளை அழைத்துக்கொண்டு, அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியலோடு கலந்தாய்வு உதவி மையத்துக்கு நேரில் போய், மெயில் முகவரியையும் நம்பரையும் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும்.