'கேவலம்' என்றால் திட்டா?

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் தெலுங்கு அக்காவுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தேன். விலையைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் 'கேவலம் வந்த ரூபாயலே' என்றார். எனக்கு முகமே சுருங்கிவிட்டது, இரண்டு நாளாகப் பேசவில்லை. ஆசையாகக் கொடுத்ததை இப்படியா சொல்வது?
- வாசகி, ஓசூர்

பதில்: முதலில் அந்த அக்காவிடம் போய்ப் பேசிவிடுங்கள் அம்மா. அந்த 'வந்த' தெலுங்கில் நூறு, அவர் சொன்னது 'நூறே ரூபாய்தானாம்!' என்பது, அவ்வளவுதான். தெலுங்கில் கேவலம் என்றால் வெறும், மட்டும். கன்னடத்தில் 'கேவல', இந்தியில் 'கேவல்', அங்கெல்லாம் பொதுவாக இதே பொருள்தான்.

வடமொழியில் இதற்குத் தனித்தது, கலப்பில்லாதது என்று பொருள். சமணர்களுக்குக் கேவல ஞானம்தான் முழுமையான அறிவு, மகாவீரர் அடைந்தது அது. வீடுபேற்றைக் குறிக்கும் 'கைவல்யம்' இதிலிருந்து வந்ததே. சைவ சித்தாந்தத்திலோ கேவலம், சகலம், சுத்தம் என்று உயிருக்கு மூன்று நிலைகள் சொல்வார்கள், அதில் அறிவு விளங்காமல் ஆணவ மலத்தோடு, அதாவது அறிவை மறைக்கும் அழுக்கோடு, மட்டும் உயிர் கிடக்கும் நிலை கேவலம்.

அப்புறம் எப்படி இது நம்மிடம் இழிவாயிற்று என்றால், 'வெறும்' என்று ஒன்றைச் சொல்லும்போதே அது அற்பம் என்ற தொனி வந்துவிடுகிறது, அற்பத்துக்கு அடுத்த படி ஈனம். பழைய பொருளும் தமிழில் சாகவில்லை. 'கேவலம் ஐம்பது ரூபாய்க்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்' என்கிறோமே, அங்கே ரூபாய் ஒரு பாவமும் செய்யவில்லை, தொகை சின்னது, அவ்வளவே. 'ஆன' சேர்ந்தால் கதை மாறிவிடும். 'கேவலம் ஒரு பேச்சு' என்றால் வெறும் பேச்சு, 'கேவலமான பேச்சு' என்றால் காது கூசும் பேச்சு. 'கேவலப்படுத்திட்டான்' என்றால் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டான்.

ஆனால் 'கேவலம் ஒரு பியூன்' என்று ஒருவரைச் சொல்லும்போது இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன, இலக்கணம் என்ன சொன்னாலும் அது வசவுதான், எனக்கு அது பிடிப்பதே இல்லை. பிள்ளையிடம் 'மார்க் கேவலமா இருக்கு' என்பதும் அப்படியே. 'குறைஞ்சிருக்கு' என்றால் அது மார்க்கைப் பற்றியது, 'கேவலம்' என்றால் பிள்ளை தன்னைச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.