இசையும் அங்கீகாரமும்

அன்புள்ள ஐயா,

11 ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். இரண்டு தொகுப்புகள் வந்துள்ளன. ஒரு மதிப்புரைகூட வரவில்லை. எந்தப் பரிசுப் பட்டியலிலும் என் பெயர் இடம்பெறவில்லை. அங்கீகாரத்துக்கு ஏங்குவது தவறா? அதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஏதேனும் உண்டா? 'தோன்றின் புகழொடு தோன்றுக' என்னும் குறள், என்னைப் போன்றவர்களைத் தோன்றவே வேண்டாம் என்கிறதா?

ம., மன்னார்குடி

அன்புள்ள ம.,

சில வாரங்களாகவே இந்தச் சொற்கள் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதுகிறேன். பரிசுப் பட்டியல்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அந்தக் குறளைக் கண்டும் நீங்கள் கலங்க வேண்டாம். புகழோடு எவரும் பிறப்பதில்லை என்பது பரிமேலழகருக்குத் தெரியும்; அதனால்தான் அவர் அங்கே 'புகழ்' என்பதற்குப் புகழுக்குக் காரணமான குணம் என்று பொருள் கொண்டார். அந்தக் குணம் உங்களிடம் இல்லை என்று யார் சொன்னது?

எனக்குக் கோபம் வந்தது 'அங்கீகாரம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான். அங்கீகாரம் பெற்ற வீட்டுமனைகள் என்று சாலையோரப் பலகைகளில் எழுதியிருக்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட பள்ளி, அங்கீகரிக்கப்பட்ட முகவர் என்றும் பார்க்கிறோம். மேலே ஓர் அலுவலகமும் கீழே ஒரு விண்ணப்பமும் இருக்கும் இடத்தில் புழங்கும் சொல் அது. 11 ஆண்டுகள் கதை எழுதிய ஒருவர், தம் எழுத்தைக் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்பாக ஏன் நினைக்க வேண்டும்? ஏங்குவது தவறில்லை, ஆனால் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பது தவறு.

நம் பழைய சொற்களைப் பாருங்கள். புகழுக்கு இசை என்று பெயர். 'ஈதல் இசைபட வாழ்தல்' என்பதில் வரும் இசை அதுதான். உரை என்றும் ஒரு பெயர் உண்டு. 'உரையும் பாட்டும் உடையோர் சிலரே' என்கிறது புறநானூற்றின் 27ஆம் பாட்டு. புகழ் உரை, பாட்டு என இருவகைப்படும் என்று பரிமேலழகரும் எழுதுகிறார். இவையெல்லாம் ஒலியின் பெயர்கள், பிறர் வாயில் பிறப்பவை. நடுகல்லில் பொறித்ததை அகநானூறு 'பெயரும் பீடும்' என்கிறது. அதைப் பொறித்தவர்கள் ஊரில் எஞ்சியவர்கள், கல்லுக்கு உரியவன் அதைக் கண்டதே இல்லை. ஆனால் இசை என்ற சொல்லில் ஒலியும் புகழும் மட்டும் இல்லை. இசைதல் என்றால் உடன்படுதல், பொருந்துதல். நீங்கள் கேட்ட தமிழ்ச் சொல் அதிலேயே இருக்கிறது: இசைவு. ஒருவர் எழுப்பிய சுருதியோடு இன்னொருவரின் உள்ளம் வந்து சேர்வது அது. அதை யாரும் மேலிருந்து வழங்க முடியாது, பக்கத்தில் வந்து நின்றுதான் தர முடியும்.

என் தாய்மாமன் ஒரு நாகஸ்வரக் குழுவில் ஒத்து ஊதியவர். ஒத்து என்பது விரல் வைத்து வாசிக்கத் துளையில்லாத குழல். அடிப்பக்கத்தில் இருக்கும் சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். சுவாமி புறப்பாடு முடியும்வரை அவர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூட்டம் நாகஸ்வரத்துக்குத் தலையாட்டும், தவிலுக்குக் கை தட்டும், ஒத்துக்காரர் பக்கம் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். போதாக்குறைக்கு, முதுகெலும்பில்லாமல் ஆமாம் போடுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று சொல்லி அந்தத் தொழிலையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். நானும் ஒரு கட்டுரையில் அப்படி எழுதியிருக்கிறேன், மாமா அதைப் படித்தார் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. தயவுசெய்து உங்கள் கதைகளில் அந்தத் தொடரைப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு பங்குனி உற்சவத்தின்போது விடியற்காலையில் கோயில் மண்டபத்தில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பத்து வயதிருக்கும். மாமாவின் உதட்டில், குழலின் ஊதுவாயான சீவாளி அழுந்திய இடம் வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. பெரிய வித்வான் தமக்கு வந்த காபித் தம்ளரை வாங்கி, தாம் குடிக்காமல் மாமாவின் கையில் கொடுத்து, "ராத்திரி முழுக்கச் சுருதி நின்னுதய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார், பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

மாமா அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் இருந்தார். பொன்னாடையோ பட்டமோ அவருக்கு எதுவும் வரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வாக்கியத்தை, அதே குரலில், அந்த 'அய்யா'வை விடாமல் சொல்லிக்காட்டுவார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அவர் கை தானாகவே உதட்டுக்குப் போகும்.