புயல் எந்த வழியில் போனால் கொங்குக்கு மழை? கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பல்லடம் தம்பி: சென்னையில் புயல் என்று டிவியில் நாள் முழுக்கக் காட்டுகிறார்கள். இங்கே வெயில் கொளுத்துகிறது. ஏனுங்கண்ணா?

புயல் போகும் பாதைதான் காரணம். நம் பகுதியில் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும். அதனால் மையத்துக்கு வடக்கே கிழக்குக் காற்று, தெற்கே மேற்குக் காற்று. புயல் சென்னைக்கோ ஆந்திராவுக்கோ போனால் நாம் அதற்குத் தெற்கே இருப்போம். நமக்கு வருவது மலையைத் தாண்டி இறங்கும் மேற்குக் காற்று. இறங்க இறங்கச் சூடாகி வறண்டுவிடும். அதே சுழற்சி இலங்கையை ஒட்டிக் குமரிக்கடல் பக்கம் நகர்ந்தால் கதையே வேறு. வங்கக்கடல் ஈரத்தோடு கிழக்குக் காற்று நேராக உள்ளே வந்து, மலையின் கிழக்குச் சரிவில் முட்டி மேலேறும். 2009 நவம்பரில் நீலகிரி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அரபிக்கடலில் பியான் புயலாக வலுத்த சுழற்சி அப்போது இழுத்த காற்று அது. பெயரே வைக்காத வெறும் தாழ்வுப் பகுதிதான் நமக்குப் பல வருஷம் குளத்தை நிரப்புகிறது. புயலின் பெயரைப் பார்த்து மழையை எடைபோடாதீர்கள்.

காங்கேயத்து அக்கா: புயல் நிறைய வந்த வருஷம் மழையும் நிறைய இருக்குமா?

இருக்காது அக்கா. வர்தா சென்னையைப் புரட்டிப்போட்ட 2016இல், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. ஒரு புயல் இரண்டு நாளில் போய்விடும். மூன்று மாத மழையை அடுத்தடுத்து வரும் சுழற்சிகள்தான் கட்டிக் காக்கின்றன.

தர்மபுரி வாசகர்: பெஞ்சல் புதுச்சேரியில்தானே கரையேறியது, ஊத்தங்கரையில் எப்படி அவ்வளவு மழை?

வேகம் குறைந்துபோனதால். 2024 நவம்பர் 30 அன்று கரையேறிய பெஞ்சல், புதுச்சேரியை ஒட்டி வெகுநேரம் அசையாமல் நின்றது. அப்புறம் மெல்ல மெல்ல மேற்கே உள்நாட்டுக்குள் வந்ததால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பாதையோடு வேகத்தையும் பாருங்கள். கரையேறினால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பது, ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

அவிநாசி ஐயா ஒருவர்: எல் நினோ என்றாலே வறட்சிதானே?

எல் நினோ என்பது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது. தென்மேற்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் அப்படி. வடகிழக்குக்கு அது கூடுதல் மழையைத் தருவதே வழக்கம், 2015 மாதிரி. அதே கடல் குளிரும் லா நினாவில் சுழற்சிகள் வடக்கே தள்ளிப்போகும் போக்கு உண்டு. ஆனால் லா நினா இருந்த 2021இல் நல்ல மழை. இதை மட்டும் நம்பி விதைக்க வேண்டாம்.

கோபி தம்பி: எங்கள் காட்டில் தூறல்கூட இல்லை, பவானிசாகர் மட்டும் எப்படி நிரம்புகிறது?

அது ஆடியில் வரும் தென்மேற்குப் பருவமழை. ஒடிசா பக்கம் தாழ்வு மண்டலம் உருவானால் மேற்குக் காற்று வலுத்து, நீலகிரியின் அவலாஞ்சி, மேல்பவானியில் கொட்டும். அந்தத் தண்ணீர்தான் பவானி ஆற்றில் அணைக்கு வருகிறது. கோபி மழை மறைவில் இருக்கிறது.

பொள்ளாச்சி அண்ணன்: கடலைக் கொடி பிடுங்கக் காத்திருக்கிறேன். முன்னறிவிப்பில் எதைப் பார்ப்பது?

மையம் எந்த அட்சரேகையில் என்று பாருங்கள். கோவை 11 டிகிரி, சென்னை 13. மையம் 10க்குக் கீழே மேற்கு நோக்கி வந்தால் பிடுங்குவதைத் தள்ளிப்போடுங்கள். 13க்கு மேலே போனால், சரி, ஆளைக் கூப்பிடலாம்; அன்றைய மாவட்ட எச்சரிக்கையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.