துப்பாக்கி யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் எங்கள் தோட்டம். இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்த நேரத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி, மூன்றே இரவில் பாதியைச் சாய்த்துவிட்டன. காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் பன்றியைச் சுடலாம் என்று அரசாணை வந்திருக்கிறது. எங்கள் தோட்டம் 4 கி.மீ. தள்ளி இருக்கிறது. அப்பா பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கி வைத்திருந்த துப்பாக்கியால் ஒரு பன்றியைச் சுட்டேன். அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கறியை நான்கு வீடுகள் பங்கு போட்டுக்கொண்டோம். கொஞ்சம் இன்னும் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. வண்டிப்பாதைத் தகராறில் இருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் இதைக் கைபேசியில் படம் பிடித்து வனத்துறைக்கு அனுப்பிவிட்டார். பாதையை விட்டுக்கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவாராம். திங்கட்கிழமை வனச்சரக அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பாலக்காட்டில் இருக்கும் மைத்துனர், அங்கெல்லாம் தாராளமாகச் சுடுகிறார்கள் என்கிறார். நட்டப்பட்டவன் நான், குற்றவாளியும் நானா?

பதில்: ஆம், நீங்கள்தான். சாய்ந்த சோளத்தையும் வண்டிப்பாதையையும் ஓரமாக வையுங்கள். இரண்டுமே உங்களைக் காப்பாற்றாது. நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்து போன செய்தி ஒன்று இருக்கிறது: அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள். என் கவலையெல்லாம் அந்த வரியில்தான்.

முதலில் பன்றியை முடித்துவிடுவோம். 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு இதுதான்: காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் சுடலாம். சுடுவது யார்? வனத்துறை. விவசாயி அல்ல. வனவரிடம் ஒரு மனு கொடுத்திருந்தால் அந்த ஆணை உங்கள் பக்கம் நின்றிருக்கும். கேரளத்திலும் 2022 முதல் ஊராட்சித் தலைவரின் உத்தரவு பெற்று, உரிமம் உள்ளவர்தான் சுடுகிறார். மைத்துனர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 பிரிவு 11-இல் நிற்கும் பயிரும் கணக்கில் உண்டு. ஆனால் அது தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் அனுமதி கொடுப்பதற்கான காரணம், அவ்வளவுதான். அனுமதி இல்லாமல் கொன்றுவிட்டுத் தப்பிக்க ஒரே வழி, மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று காட்டுவது. பன்றி உங்கள் மேல் பாயவில்லை, சோளத்தின் மேல்தான் பாய்ந்தது. 2023 ஏப்ரல் முதல் காட்டுப்பன்றி அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் அல்ல. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சச் சிறை இல்லாததால் பிரிவு 54-இன் கீழ் இணக்கக் கட்டணம், அதாவது விசாரணைக்குப் போகாமல் வழக்கை முடித்துக்கொள்வதற்கான தொகை, செலுத்தி முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கு உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். பன்றிக்குப் பதில் முதல் அட்டவணையில் உள்ள மயில் செத்திருந்தால் இந்தக் கதவே கிடையாது, குறைந்தது மூன்று ஆண்டு சிறை. எலிக்கும் பன்றிக்கும் விஷம் வைக்கிறவர்கள், அதை மயிலும் தின்னும் என்று நினைப்பதே இல்லை.

இனித் துப்பாக்கி. உரிமம் என்பது வரப்பும் கிணறும் போல வாரிசுக்கு வருவதில்லை, அப்பாவோடு முடிந்துவிட்டது. உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக உங்கள் வீட்டுப் பரணில் இருந்தது உரிமமற்ற ஆயுதம். ஆயுதச் சட்டம் பிரிவு 25(1பி)-இல், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு ஆண்டு சிறை, ஐந்து வரை போகலாம். சிறப்புக் காரணம் இருந்தால் நீதிமன்றம் குறைக்கலாம், ஆனால் அதை நம்பி யாரும் வழக்கு நடத்துவதில்லை. வனத்துறையிடம் கட்டும் பணம் இந்த வழக்கைத் தொடாது. பன்றிக்காகப் பயந்துகொண்டிருக்கிறீர்கள், உங்களை உள்ளே வைக்கப்போவது துப்பாக்கிதான்.

இரண்டு வழக்கும் சந்திக்கும் இடம் திங்கட்கிழமை நீங்கள் போட இருக்கும் கையெழுத்து. வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சரக அலுவலகத்தில் அடிப்பதுமில்லை, மிரட்டுவதுமில்லை. நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ‘உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்’ என்பார்கள். கஷ்டத்தைச் சொல்லும் ஆவேசத்தில் நம் ஆட்கள் குற்றத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். காவல் துறையிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வன அலுவலர் காவல் அதிகாரி அல்லர். உதவி வனப்பாதுகாவலர் நிலையில் உள்ளவர் உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்கும். ஒருமுறை என் கட்சிக்காரர் ஒருவர், தன் நட்டம் எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காக, ‘இது மூன்றாவது பன்றி ஐயா’ என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு பன்றிக்கான வழக்கைப் பேசி முடிக்கப் போன நான், மூன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே திங்கட்கிழமைக்கு முன்பே வழக்கறிஞரைப் பார்த்து, முன்ஜாமீன் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். அலுவலகத்துக்குப் போகாமல் இருக்க வேண்டாம். தனியாகப் போகவும் வேண்டாம். பெயரும் முகவரியும் சொல்லலாம். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல அரசியலமைப்பின்படி கட்டாயம் இல்லை. இணக்கக் கட்டண மனுவையும் வழக்கறிஞரே எழுதட்டும். அதில் துப்பாக்கியைப் பற்றி நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த வழக்கின் முதல் ஆவணம். துப்பாக்கியை வழக்கறிஞர் உடனிருக்க ஒப்படையுங்கள். கிணற்றில் போட்டால் சாட்சியத்தை அழித்ததாக மூன்றாவது வழக்கு வரும்.

சட்டப்புள்ளி பிடித்து வாதாடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். பன்றி வழக்கில் பணத்தைக் கட்டி முடியுங்கள். மனு தள்ளுபடியானால் அப்போது வாதாடலாம்.

பக்கத்துத் தோட்டக்காரரோடு பேரம் பேசாதீர்கள். வழக்கு இனி அவருடையதல்ல, அரசுடையது. திரும்பப் பெற அவரிடம் ஒன்றுமில்லை. குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் போடும் ஒப்பந்தம் செல்லாது. பாதையும் போகும், வழக்கும் நிற்கும், போதாததற்கு நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் சீட்டு ஒன்று அவர் கையில் இருக்கும்.

கறி வாங்கிய நான்கு வீட்டுக்காரர்களையும் வழக்கில் சேர்க்க முடியும் என்பதை அவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். அழைப்பாணை வழியாகத் தெரிந்துகொண்டால் முதலில் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வார்கள். குளிர்பதனப் பெட்டியில் இருப்பதைச் சமைக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். வழக்கறிஞரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.