ஃபிட்ஸ் ஆபரேஷனுக்கு ஆன்லைன்ல பணம் திரட்டுறதுக்கு முன்னாடி

நாகர்கோவில்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: அக்கா பையனுக்கு 12 வயசு, ரெண்டு மாத்திரை மாத்திப் பார்த்தும் ஃபிட்ஸ் நிக்கல, ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு 7 லட்சம் ஆகும்னு வாயால சொல்லியிருக்காங்க, மிலாப், கெட்டோ மாதிரி ஆன்லைன்ல பணம் திரட்டுற சைட்ல போடலாமா, ஃபிட்ஸ் வர்ற வீடியோவ போட்டா சீக்கிரம் பணம் சேருமா?

போடலாம், ஆனா இன்னைக்கே வேண்டாம். வாயால சொன்ன தொகைய வச்சு ஆரம்பிக்காதீங்க, லெட்டர்ஹெட்ல கையெழுத்து சீலோட எஸ்டிமேட் வாங்குங்க, அதுல வீடியோ இஇஜி (வீடியோ எடுத்துக்கிட்டே மூளையோட மின் அலைகளைப் பதிவு பண்ற டெஸ்ட்), எம்ஆர்ஐ, ஆபரேஷன், ஐசியு எல்லாம் தனித்தனியா இருக்கணும். சரியான ரெண்டு மருந்து சரியான அளவுல குடுத்தும் நிக்கலன்னா ஆபரேஷன் பலன் தருமான்னு பார்க்கிறது சரிதான், ஆனா எல்லாருக்கும் பண்ண முடியாது, ஃபிட்ஸ் மூளையில எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்வாங்க. உங்களுக்கு திருவனந்தபுரம் பக்கம்தானே, ஸ்ரீ சித்திரை திருநாள் இன்ஸ்டிடியூட்ல 1995லருந்தே இந்த ஆபரேஷன் பண்றாங்க, வருமானத்தப் பொறுத்து சலுகையும் உண்டு, அங்க ஒருதடவ காட்டிட்டு வாங்க, தொகையே மாறிடலாம்.

அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா எடுக்கலாம், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும், இந்த ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரில அதுல வரும்னு காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுக்கோங்க. இதெல்லாம் போக குறையிற தொகைக்கு மட்டும் திரட்டுங்க. ஒரு தடவை வர்ற செலவுக்குத்தான் ஜனங்க குடுப்பாங்க, மாசாமாசம் மாத்திரைக்குக் கேட்டா ரெண்டாவது மாசமே நின்னுடும், அதை ஜிஹெச்ல இலவசமா வாங்கப் பாருங்க.

பக்கம் திறக்கும்போது பணம் நேரா ஆஸ்பத்திரி கணக்குக்குப் போற மாதிரி வைங்க, குடுக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரும். அந்த சைட்காரங்க கட்டணம் எவ்வளவு, விளம்பரத்துக்குன்னு தனியா பிடிப்பாங்களான்னு அவங்ககிட்ட எழுத்துல கேளுங்க, வெளில இருந்து ஆள் வந்து நாங்க திரட்டித் தர்றோம் பாதி எங்களுக்குன்னா கதவ சாத்திடுங்க.

வீடியோ வேண்டவே வேண்டாம். அந்த நிலைமையில அவன் முகம் காலத்துக்கும் நெட்ல சுத்தும், ஸ்கூல்ல பசங்க பார்ப்பாங்க, 12 வயசுப் பையனுக்கு அது எவ்வளவு வலிக்கும். டாக்டருக்கு மட்டும் காட்டுங்க, அவருக்கு ரொம்ப உதவும். பையன்கிட்டயும் கேட்டுட்டு நல்லா சிரிச்ச போட்டோ ஒண்ணு போடுங்க, போதும்.

பணம் சேர்ற வரைக்கும் செலவு மிச்சம்னு மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா விடாம ஃபிட்ஸ் வந்து உயிருக்கே ஆபத்தாயிடும்.