இன்வெர்ட்டர் லைட்டை மாடிக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: எங்கள் இன்வெர்ட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பேட்டரி குறைந்தால் சிவப்பு லைட் எரியும், பீப் சத்தமும் வரும். ஆனால் மாடியில் இருக்கும் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. உள்ளே திறந்து ஒயர் இழுத்தால் வாரன்டி போய்விடும் என்கிறார்கள். வேறு வழி உண்டா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்டு, திறக்கவே வேண்டாம். திறக்கவும் கூடாது, உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது. அந்தச் சிவப்பு லைட்டின் முகத்தில் ஒரு எல்.டி.ஆரை (வெளிச்சத்தை உணரும் சின்ன ரெசிஸ்டர்) ஒட்டிவிடுங்கள். இருட்டில் அதன் மின்தடை ஒரு மெகா ஓம் அளவுக்கு இருக்கும், வெளிச்சம் பட்டால் சில ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். இன்வெர்ட்டருக்கும் உங்கள் சர்க்யூட்டுக்கும் நடுவே வெளிச்சம் மட்டும்தான் போகிறது என்பதால் ஷாக் பயமே இல்லை, எனக்கு இந்த முறை பிடித்ததே அதனால்தான்.

பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட் போதும். பிளஸ்ஸிலிருந்து எல்.டி.ஆர்., அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு 10 கே (அதாவது 10 ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர். இரண்டும் சேரும் இடத்திலிருந்து 1 கே வழியாக பி.சி.547 டிரான்சிஸ்டரின் (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் பாகம், பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால்கள்) பேஸுக்கு, எமிட்டர் மைனஸுக்கு. மாடிக்குப் போவது இரண்டே ஒயர்தான், ஒன்று பிளஸ், இன்னொன்று கலெக்டர். அங்கே அந்த இரண்டுக்கும் நடுவே 330 ஓம் ரெசிஸ்டரோடு தொடராக ஒரு எல்.இ.டி. வைத்தால் கீழே எரியும்போது மேலேயும் எரியும். மங்கலாகத் தெரிந்தால் 10 கே-வை எடுத்துவிட்டு 47 கே போட்டுப் பாருங்கள்.

நான் முதலில் செய்தபோது வெள்ளை டேப்பால் ஒட்டிவிட்டு, பகல் முழுக்க மேலே லைட் ஏன் எரிகிறது என்று சர்க்யூட்டையே நோண்டிக்கொண்டிருந்தேன். கோளாறு சர்க்யூட்டில் இல்லை, டியூப்லைட் வெளிச்சம் டேப் வழியாக உள்ளே போயிருக்கிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள், எல்.டி.ஆரின் முதுகுப் பக்கத்தையும் மறக்காமல் மூடுங்கள்.

அப்புறம், சார்ஜரைக் கட்டாயம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில்தான் சொருக வேண்டும். சாதாரண லைனில் சொருகினால் கரண்ட் போன உடனே அதுவும் செத்துவிடும், அம்மாவுக்குத் தகவல் தேவைப்படுகிற நேரமே அதுதானே.

கேள்வி: மின்சார மீட்டரில் மினுக்கும் சிவப்பு லைட்டை இதே மாதிரி எண்ண முடியுமா? (வாசகர், தேனி)

பதில்: முடியும், ஆனால் எல்.டி.ஆர். மெதுவானது, சட்டென்று மின்னி மறையும் லைட்டைத் தவறவிடும். போட்டோ டிரான்சிஸ்டர் (வெளிச்சத்தை வேகமாக உணரும் டிரான்சிஸ்டர்) வாங்குங்கள். மீட்டர் முகப்பில் 3200 என்று போட்டிருந்தால் 3200 மினுக்கு ஒரு யூனிட், அதாவது 1000 வாட் ஹீட்டர் மட்டும் ஓடினால் ஒன்றேகால் வினாடிக்குள் ஒரு மினுக்கு வரும். சீலைத் தொடாமல் கண்ணாடிக்கு வெளியே மட்டும் ஒட்டுங்கள்.